பாட்டாளியின் பாட்டு: மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்

தமிழருடைய வாழ்விலே பாட்டு இல்லாத வேளை கிடையாது. தொட்டிலுக்குத் தாலாட்டு, சூடடிக்கும் களத்துக்குப் பொலிப்பாட்டு, கோயில் முற்றத்துக்கு வசந்தன், சாவீட்டுக்கு ஒப்பாரி என்று பிறந்த நாள் தொடங்கி இறக்கும் நாள் ஈறாகப் பாட்டு நம்மோடு கூடவே வருகின்றது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே, வெள்ளாமையை நம்பி வாழும் எமக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் சென்ற நூற்றாண்டிலே இந்தப் பாட்டுக்களோடு இன்னுமொரு பாட்டு வந்து சேர்ந்தது. அது சினிமாப் பாட்டு. அது கடல் கடந்து வந்தது. வந்த வேகத்திலே வீட்டுக்கு வீடு புகுந்து கொண்டது.

அந்தப் பாட்டைப் பாடியவர் யார் என்று கேட்டால் சிறு பிள்ளையும் விடை சொல்லும். எந்த நடிகர் வாயசைத்தார் என்று கேட்டால் அதற்கும் விடை உண்டு. எழுதியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாகும். ஒரு பாட்டு மக்களிடம் வந்து சேரும் வரையில் எத்தனையோ பேருடைய கை அதிலே படுகின்றது. அவர்களுள் முதலிற் பாடுபட்டு, இறுதியில் மறக்கப்படுபவன் அதனை எழுதிய கவிஞனே. அவ்வாறு மறக்கப்படக் கூடிய இடத்தில் நின்றும், நான்கைந்து ஆண்டுகளுக்குள்ளே தம் பெயரை மக்கள் நெஞ்சிற் பதித்துச் சென்றவர் ஒருவர் உளர். அவரே பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரனார். அன்னாரின் வரலாற்றையும், அதனூடாக ஒரு பாட்டு பிறந்து வளர்ந்து ஊரெல்லாம் பரவும் வழியையும் ஈண்டுச் சுருக்கமாகக் கூற முயல்வோம்.

பிறப்பும் இளமையும்

தஞ்சை மாவட்டத்திலே பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காடு என்பது ஒரு சிற்றூர். அங்கே 1930ஆம் ஆண்டு ஏப்ரில் 13ஆம் திகதி அருணாசலம் பிள்ளைக்கும் விசாலாட்சி அம்மாளுக்கும் மகனாகக் கல்யாணசுந்தரம் பிறந்தார். தந்தையார் கும்மிப் பாட்டுப் பாடுவதில் வல்லவர். தாமே கும்மி நூல் ஒன்றும் இயற்றியவர். ஆகவே பிள்ளைக்குத் தமிழ்ச் சந்தம் ஏட்டிலிருந்து வரவில்லை. வீட்டுத் திண்ணையிலிருந்தே வந்தது.

அவர் பள்ளிக்கூடத்திற் படித்த காலம் மிகச் சொற்பம். எழுத்தறிவை மூத்த சகோதரரிடத்தே பெற்றுக் கொண்டார். ஏனைய அறிவையெல்லாம் அவருக்குக் கொடுத்தது தொழில். அவர் செய்த தொழில்களைப் பதினேழு என்று கணக்கிட்டுச் சொல்வார்கள். உழுதார், மாடு மேய்த்தார், மாம்பழம் விற்றார், இட்டலி விற்றார், தேங்காய் வாணிகஞ் செய்தார், மீனும் நண்டும் பிடித்தார், உப்பளத்திலே வேலை செய்தார், தண்ணீர் வண்டி ஓட்டினார், நாடக மேடையில் நடித்தார். கல்லூரி வாயிலாக உலகத்தைக் காணும் எம் போன்றோர் இந்தப் பட்டியலைச் சற்றே நின்று படித்தல் வேண்டும். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பேச்சு உண்டு. ஒவ்வொரு பேச்சுக்கும் ஓர் ஓசை உண்டு. உப்பளத்தான் பேசும் தமிழ் வேறு. மாட்டுத்தரகன் பேசும் தமிழ் வேறு. இவை எல்லாவற்றையும் இருபத்தைந்து வயதுக்குள்ளே காதாரக் கேட்டு, வாயாரப் பேசியவர் இவர். பின்னாளிலே ஒரு பாட்டுக்கு எந்தச் சொல் வேண்டுமோ அந்தச் சொல் இவருக்கு உடனே கைகொடுத்ததன் காரணம் இதுவே.

பதினைந்து வயது அளவிலே, ஒரு நாள் குளக்கரையில் இருந்தபொழுது, கரையோரம் துள்ளிய கெண்டைக் குஞ்சு ஒன்றைக் கண்டு, தூண்டிலுக்குத் தப்பிப் போய்விடுமாறு அதனைப் பார்த்துப் பாடியதே அவருடைய முதற் பாட்டு என்பர். அகப்பட்டுக் கொள்ளப் போகும் சிறிய உயிரிடத்திலே பிறந்த இரக்கம் அவருடைய பாட்டுக்களை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்திலே தஞ்சை மாவட்டத்தில் நிலவுடைமையாளருக்கும் உழவருக்கும் இடையே பெரும் போராட்டம் நடந்து கொண்டிருந்தது. காவிரி பாயும் செழிப்பான மண்; ஆனால் உழைத்தவன் குடிசையிலே அடுப்பு எரிவது அரிது. இளைஞர் கல்யாணசுந்தரம் விவசாயிகள் இயக்கத்திலே சேர்ந்தார். பொதுவுடைமைக் கொள்கையிலே பற்றுக் கொண்டார். தலைவர் ஜீவானந்தத்தின் அன்புக்கு உரியவரானார். அவருடைய கவிதைகள் ஜனசக்தி ஏட்டிலே வெளிவந்தன. புதுச்சேரி சென்று பாவேந்தர் பாரதிதாசனிடம் மாணாக்கராகி, அவருடைய குயில் ஏட்டுப் பணியிலும் துணை நின்றார். ஆசிரியரிடத்து அவர் வைத்திருந்த பத்தி பெரிது. பின்னாளிற் புகழ் பெற்ற காலத்திலும், பாட்டெழுதத் தாளை எடுத்தால் முதலிற் பாரதிதாசனுக்கு வாழ்த்து எழுதிய பின்னரே பாட்டைத் தொடங்குவார் என்று அவரை அறிந்தோர் கூறுவர்.

மெட்டும் சொல்லும்

இனி, ஒரு சினிமாப் பாட்டு எவ்வாறு உண்டாகின்றது என்பதைப் பார்ப்போம். 1931இல் வெளியான காளிதாஸ் தமிழ் பேசிய முதற் படம். அக்காலப் படங்கள் பாட்டுக்களால் நிறைந்திருந்தன. நாடக மேடைப் பாட்டுக்களும் கர்நாடக இசை மெட்டுக்களும் அப்படியே திரைக்கு வந்தன. பாபநாசம் சிவன் போன்ற இசைப் புலவர்கள் சொல்லையும் மெட்டையும் ஒன்றாகவே படைத்தார்கள். 1944இல் வெளியாகிச் சென்னையிலே மூன்று தீபாவளிகளைக் கண்ட ஹரிதாஸ் படத்தின் பாடல்களை எழுதியவர் அவரே. 1950 அளவிலே காலம் மாறியது. இசையமைப்பாளர் வேறு, கவிஞர் வேறு, பாடுபவர் வேறு, வாயசைத்து நடிப்பவர் வேறு என்று வேலை பங்கிடப்பட்டது.

இயக்குநர் கதையிலே பாட்டு வரும் இடத்தை விளக்குவார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து, சொல் இல்லாமலே ஒரு மெட்டைத் தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார். கவிஞர் அந்த ஓசைக்குள்ளே சொல்லை அடக்க வேண்டும். குறில் வருமிடத்திற் குறில், நெடில் வருமிடத்தில் நெடில். மூச்சு விடுமிடத்திலே சொல்லும் முடிய வேண்டும். கதைக்கும் பொருந்த வேண்டும். படிக்காதவனுக்கும் ஒருமுறை கேட்டதும் விளங்க வேண்டும். சில வேளைகளிலே சொல் முன்னும் மெட்டுப் பின்னுமாக வருவதும் உண்டு. எனினும் மெட்டு முந்துவதே வழக்கமாயிற்று.

மெட்டுக்குச் சொல் எழுதுவது கவிதைக்கு இழுக்கு என்று கற்றோர் சிலர் கூறுவர். அது பொருந்தாது. மிஷன் பாடசாலைகளிலே படித்தவர்கள் ஆங்கிலப் பாமாலைப் புத்தகங்களைக் கண்டிருப்பார்கள். அவற்றிலே ஒவ்வொரு பாட்டின் மேலும் அடிக்கு எத்தனை அசை என்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அதே அளவுடைய வேறொரு மெட்டிலே அதே பாட்டைப் பாடிக் கொள்ளலாம். ஸ்கொத்லாந்து தேசத்துப் பெருங்கவி றொபேட் பேர்ண்ஸ், உழவன் மகனாய் 1759இற் பிறந்தவர். அவர் தம் நாட்டு மக்கள் வழிவழியாகப் பாடி வந்த பழைய மெட்டுக்களைத் தேடித் தேடி எடுத்து, அவற்றுக்குச் சொல் எழுதினார். இன்று அந்நாட்டார் அவரையே தம் தேசியக் கவியாகப் போற்றுகின்றனர். நம் அருணகிரிநாதர் திருப்புகழிலே சந்தத்தை முதலில் வகுத்துக் கொண்டு சொல்லை அதன்மேல் ஓடவிட்ட அழகை யார் குறை கூறுவார்? வரம்பு கட்டிய வயலிலேதான் தண்ணீர் நிற்கும். வரம்புக்குள்ளே என்ன விளைவிக்கிறான் என்பதே உழவனுக்குப் பெருமை.

கல்யாணசுந்தரனார் சென்னைக்கு வந்து படவுலகிலே வாய்ப்புத் தேடி அலைந்த நாட்கள் வறுமை நிறைந்தவை. படித்த பெண் என்ற படத்துக்கு முதலிற் பாட்டெழுதினார். ஆனால் மகேஸ்வரி என்ற படம் அதற்கு முன்னே 1955இல் வெளிவந்து விட்டது. 1956இல் வெளியான பாசவலை அவருக்கு வழி திறந்தது. அதற்கு இசை விசுவநாதனும் ராமமூர்த்தியும். புதிய கவிஞர் ஒருவர் வந்திருக்கிறார் என்று சொன்னபோது விசுவநாதன் முதலில் விரும்பவில்லை; பின்னர் வற்புறுத்தலின் பேரிற் பாட்டை வாங்கிப் படித்ததும் வியந்து போனார். இதனை அவரே பிற்காலத்திற் பலமுறை நினைவு கூர்ந்திருக்கின்றார். அந்தப் படத்திலே சி. எஸ். ஜெயராமன் பாடிய பாட்டு ஒன்று, ஒன்றை ஒன்று பிடித்துத் தின்னும் விலங்குகளின் கதையை விளையாட்டுப் போலத் தொடங்கி, கண்டதையெல்லாம் தனதென்று சொல்லும் மனிதனுக்கு முடிவில் மிஞ்சுவது தன்னைக் கிடத்தும் அளவு நிலமே என்று போய் முடிகின்றது. பட்டினத்தடிகள் பாடிய நிலையாமைதான் இது. ஆனால் அதனை ஆட்டிடையன் பேச்சிலே, தாளம் போட்டுக் கேட்கும்படி எழுதியதே புதுமை.

அதன் பின்னர் வாய்ப்புக்கள் வந்த வண்ணமாயின. சக்கரவர்த்தித் திருமகள், மகாதேவி ஆகிய படங்கள் 1957இல் வந்தன. அவ்வாண்டிலேயே பாரதிதாசன் தலைமையிலே கௌரவாம்பாள் அம்மையாரைத் திருமணஞ் செய்தார். 1958இல் எம். ஜி. இராமச்சந்திரன் தாமே இயக்கி நடித்த நாடோடி மன்னன் வெளிவந்தது. அப்படத்திற்குப் பாட்டெழுதிய கவிஞர்கள் பலர். ஆயினும், தூங்கிப் பொழுதைப் போக்காதே என்று ஒரு தம்பிக்குப் புத்தி சொல்லும் பாட்டும், வயலில் விளைச்சல் பெருகியும் உழைத்த நம் கையிலே என்ன மிஞ்சியது என்று ஒரு பெண் கேட்க, நல்ல காலம் வரும் என்று ஓர் ஆண் விடை கூறும் பாட்டும் கல்யாணசுந்தரனாருடையவை. பின்னதைப் பாடியவர்கள் டி. எம். சௌந்தரராஜனும் பி. பானுமதியும். போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும் இடையே களத்திலே நெல் பங்கிடப்படுவதைக் கண்டு வளர்ந்த எம்மவருக்கு அந்தக் கேள்வி தஞ்சாவூர்க் கேள்வியாகத் தோன்றியிருக்க மாட்டாது.

கூலி கேட்பதிலும் அவர் கவிஞராகவே நடந்தார். ஒரு படமுதலாளியிடம் தமக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்கச் சென்றபோது, அவர் கவிஞரை நிற்கச் சொல்லிக் காக்க வைத்தாராம். கவிஞரோ ஒரு தாளில் நான்கு வரி எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டார். தாயும் தமிழும் வளர்த்த தம்மை நிற்கச் சொல்ல அவர் யார் என்பது அதன் கருத்து. முதலாளி பின்னாலேயே பணத்தை அனுப்பி வைத்தார் என்று சொல்லப்படுகின்றது. உழைத்த கூலி கேட்கும் உழவனின் நிமிர்வு அந்தத் தாளிலே இருந்தது.

இசைத்தட்டும் வானொலியும்

எழுதி முடிந்ததும் பாட்டு மக்களிடம் போய்ச் சேர்ந்து விடுவதில்லை. பாடகர் ஒத்திகை பார்த்துப் பாட, வாத்தியக்காரர் உடன் வாசிக்க, ஒலிப்பதிவு நடக்கும். பின்னர் கிராமபோன் கம்பனி அதனை இசைத்தட்டாக வெளியிடும். அக்காலத்து இசைத்தட்டு அரக்கினாற் செய்தது. கீழே விழுந்தால் உடைந்து விடும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்திலே ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். ஒரு வாழ்க்கைத் தத்துவத்தையோ ஒரு காதலையோ அந்த மூன்று நிமிடத்துள் சொல்லி முடிக்க வேண்டும். பல்லவி முதல் வரியிலேயே கேட்பவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். திருக்குறளுக்கு ஏழு சீர் எல்லை. சினிமாப் பாட்டுக்குத் தட்டின் விளிம்பு எல்லை.

படம் ஓடும் கொட்டகை வாசலிலே பாட்டுப் புத்தகம் சில காசுக்கு விற்கும். கதைச் சுருக்கமும் பாட்டுக்களும் அதில் இருக்கும். எழுதியவர்கள் பலராயின் அவர்கள் பெயர்கள் முன்பக்கத்திலே ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதும் உண்டு. எந்தப் பாட்டு எவருடையது என்று அறிவது கடினம். கவிஞன் பெயர் மறைந்து போவதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

ஆனால் ஒரு பாட்டை ஊர்ப்பாட்டாக்கிய பெருங்கருவி வானொலியே. இதிலே நம் இலங்கைக்கு உரிய பங்கு பெரிது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இங்கு நிறுவிய ஆற்றல் மிக்க ஒலிபரப்புக் கருவி, போர் முடிந்தபின் இலங்கை வானொலிக்குக் கிடைத்தது. 1950இலே வர்த்தக சேவை தொடங்கியது. இந்தியாவிலோ 1952இல் ஒலிபரப்புத்துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கும் என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த நேரத்தைக் குறைத்தார். படமுதலாளிகளோடு பிணக்கும் ஏற்பட்டது. சினிமாப் பாட்டு அங்கே ஏறக்குறைய நின்றே போயிற்று. கதவை அடைத்தால் காற்று நின்று விடுமா? இந்திய மக்கள் தங்கள் நாட்டுப் பாட்டைக் கேட்கக் கொழும்பை நோக்கித் தங்கள் வானொலிப் பெட்டியைத் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி என்ற புதிய சேவையைத் தொடங்க வேண்டிய கட்டாயம் டில்லிக்கு ஏற்பட்டது.

கொழும்பிலிருந்து 1952இல் அமீன் சயானியின் குரலில் ஒலிபரப்பாகத் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்ற இந்தி நிகழ்ச்சி, பின்னர் பாட்டுக்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தி, எது முதலிடம், எது இரண்டாமிடம் என்று அறிவித்தது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையும் நேயர்களின் விருப்பமும் அந்த வரிசைக்கு ஆதாரமாயின. தமிழ்ப் பாட்டைப் பொறுத்த வரையில், தபால் அட்டைகளிலே வந்து குவிந்த நேயர் விருப்பமும், ஒரே பாட்டை மீண்டும் மீண்டும் கேட்கும் ஆசையுமே அளவுகோல். எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன்னால் நயமாக இரண்டு சொற் கூறி ஒலிக்கவிட்டால், பாக்கு நீரிணைக்கு அப்பாலும் அப்பாட்டுப் பரவிவிடும். தமிழ்நாட்டிற் பிறந்த பாட்டு இலங்கைக்கு வந்து, இங்கிருந்து வானொலி வழியே தமிழ்நாட்டுக்கே திரும்பிச் சென்ற புதுமை அக்காலத்தது.

படுவான்கரைக் கிராமங்களிலே அன்று மின்சாரம் இல்லை. வசதி படைத்தோர் வீட்டிலோ தேநீர்க் கடையிலோ பற்றரியில் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டி இருந்தால் அதனைச் சுற்றி ஊர் கூடும். திருவிழாக் காலத்திலும் கலியாண வீட்டிலும் ஒலிபெருக்கி கட்டி இசைத்தட்டுப் போடுவார்கள். வயல் வெளியைத் தாண்டி அது கேட்கும். கேட்டவன் மறுநாள் வரம்பில் நடக்கும்போது அதனைத் தன் வாயால் முணுமுணுப்பான். விளம்பரமும் வானொலியும் பாட்டை வாசல் வரையிலேதான் கொண்டுவந்து விடும். உள்ளே அழைத்து இருத்துவது, கேட்பவன் அதிலே தன் பேச்சைக் காண்பதே.

அவருடைய ஆற்றலை முழுமையாகக் காட்டியது 1959இல் வெளியான கல்யாணப் பரிசு. ஸ்ரீதர் இயக்கிய முதற் படம். இசையமைத்தவர் ஏ. எம். ராஜா. பாட்டு அனைத்தும் கல்யாணசுந்தரனார் எழுதியவை. உழவர் பாட்டும் அறிவுரைப் பாட்டும் மட்டுமே இவருக்கு வரும் என்று எண்ணியவர்களை அப்படம் வாயடைக்கச் செய்தது. இரு சைக்கிள்களிலே காதலர் பேசிக்கொண்டு செல்வது போன்ற பாட்டு. தீபாவளித் திருநாளிலே மகிழ்ச்சி பொங்க பி. சுசீலா பாடுவதும், அதே மெட்டிலே பின்னர் ராஜா துயரத்தோடு பாடுவதுமான பாட்டு. இவை தெருவெல்லாம் ஒலித்தன. ஒரே மெட்டு, சிரிப்புக்கும் அழுகைக்கும் வெவ்வேறு சொல். மெட்டு ஒன்றாய் நிற்க, பொருளை மாற்றியது கவிஞருடைய சொல்லே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மறைவும் நிலைபேறும்

வாழ்வு மலர்ந்த வேளையிலே விதி குறுக்கிட்டது. மூக்கில் ஏற்பட்ட கோளாறுக்காகச் சிகிச்சை பெற்றவர், அதனைத் தொடர்ந்து உடல் நலிந்து, 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி மறைந்தார். அவருக்கு வயது 29. மகன் அப்பொழுது கைக்குழந்தை. திரையுலகில் அவருக்கு இணையாக விளங்கிய கவிஞர் கண்ணதாசன் மனமுருகி இரங்கற்பா எழுதினார்.

ஆனால் பாட்டுக்கள் நிற்கவில்லை. ஆலைத் தொழிலாளரின் போராட்டத்தைக் கூறும் இரும்புத்திரை 1960இல் வந்தது. அரசிளங்குமரியும் திருடாதேயும் 1961இல் வந்தன. எழுதியவர் இறந்த பின்னர் அவருடைய சொற்கள் புதிது புதிதாகக் கொட்டகைகளிலே ஒலித்தன. அரசிளங்குமரிப் பாட்டொன்று, ஒரு சிறுவனை அழைத்து, உடம்பு வளர்வது போல அறிவும் வளர வேண்டும் என்றும், பேய் பிசாசு என்று பயங்காட்டுவோர் சொல்லைக் கேட்டு அஞ்சாதே என்றும் கூறுகின்றது. திருடாதே படப் பாட்டோ, காவலும் சட்டமும் எவ்வளவு இருந்தாலும், திருடுபவன் தானாய் மனந்திருந்தினாலன்றித் திருட்டு ஒழியாது என்கின்றது. நீதிநூலாசிரியர் சொல்வதும் இதுவே. ஆனால் நீதிநூலை மனப்பாடஞ் செய்யாதவனும் இந்தப் பாட்டை மனப்பாடஞ் செய்திருந்தான்.

காலஞ் செல்லச் செல்ல அரசும் அவரை மதித்தது. 1981இல் தமிழ்நாட்டு அரசு பாரதிதாசன் பெயரால் வழங்கும் விருதை அவருக்கு அளித்தது. அவருடைய மனைவியார் பெற்றுக் கொண்டார். பின்னர் அவருடைய படைப்புக்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. பட்டுக்கோட்டையிலே மணிமண்டபம் எழுந்தது. தம்முடைய முதலமைச்சர் ஆசனத்தின் ஒரு கால் பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்று எம். ஜி. இராமச்சந்திரன் கூறியதாகப் பலரும் எழுதியுள்ளனர். ஒரு நடிகரைத் தலைவராகக் காணும் பழக்கத்தை மக்களுக்குக் கற்பித்ததில் அந்தப் பாட்டுக்களுக்குப் பங்கு உண்டு என்பதை மறுப்பார் இலர். அப்படிப் பார்க்குமிடத்து ஒரு கேள்வியும் எழாமற் போகாது. பாட்டு உழவனுடைய துயரத்தைப் பாடிற்று. புகழையோ வாயசைத்தவர் கொண்டார். வானொலி விருப்பக் கடிதங்களிலே நடிகர் பெயரும் பாடகர் பெயரும் மலிந்தன. கவிஞர் விட்டுச் சென்றது இளம் மனைவியையும் கைக்குழந்தையையுமே. மறைந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே விருது வந்தது. உழைப்பவன் கையில் என்ன மிஞ்சியது என்று அவர் கேட்ட கேள்வி அவருக்கே பொருந்திப் போனதை எண்ணும்போது மனம் வருந்துகின்றது.

நமக்கு விட்ட வழி

இளைஞர்களே! இன்று பாட்டு வெளியிடுவதற்கு அரக்குத் தட்டும் வேண்டியதில்லை. கொழும்பு வானொலியின் அனுமதியும் வேண்டியதில்லை. கைத்தொலைபேசி ஒன்று இருந்தால் வெல்லாவெளியிலிருந்து பாடி உலகத்துக்கே கேட்கச் செய்யலாம். எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கும் உடனே வந்துவிடும். எம்மிடையே பாட்டெழுதும் தம்பிமாரும் தங்கைமாரும் இருக்கின்றார்கள், மகிழ்ச்சியே. ஆனால் அவர்களுடைய பாட்டிலே சென்னைச் சினிமாவின் சொல்லும் சென்னைச் சினிமாவின் காதலும் இருக்கின்றனவே அல்லாமல், எம் வாவியும் வயலும் வாடியும் இருக்கின்றனவா என்று அவர்களே தம்மைக் கேட்டுக் கொள்ள வேண்டும். பட்டுக்கோட்டையார் சென்னைக்குப் போய்ச் சென்னைத் தமிழைக் கற்று எழுதவில்லை. செங்கப்படுத்தான்காட்டுத் தமிழைச் சென்னைக்குக் கற்பித்தார். தந்தையின் கும்மியை அவர் மறக்கவில்லை.

எமக்கும் அத்தகைய முதுசம் உண்டு. ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று பாடிய மட்டக்களப்புக் கவிகளும், வசந்தன் பாட்டும், கூத்துப் பாட்டும், களவெட்டியிலே மாடு வளைத்துச் சூடடிக்கும்போது இரவிரவாகப் பாடிய பொலிப்பாட்டும் எம் பாட்டன்மார் தந்தவை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மறைந்து போன யாழின் இசையையே தேடி ஆராய்ந்து 1947இல் யாழ் நூலாகத் தந்தார். நாமோ கண்முன்னே மறைந்து கொண்டிருக்கும் பாட்டைத் தேடாதிருக்கின்றோம். இன்று இயந்திரம் வெட்டி, இயந்திரமே அடித்து, நெல்லைச் சாக்கிலே கட்டித் தருகின்றது. வேலை இலகுவாயிற்று, அது நன்றே. ஆனால் அந்த வேலையோடு பிறந்த பாட்டைப் பாட வேண்டிய தேவையும் போய்விட்டது. மாடு வளைத்த கைகள் முதுமை எய்திவிட்டன. அந்தக் கைகளுக்கு உரியவர்கள் இன்னும் சிலர் எம் ஊர்களிலே இருக்கின்றார்கள். அவர்களிடம் போய் அமர்ந்து, பாடச் சொல்லிக் கேட்டு, சொல்லையும் மெட்டையும் பதிந்து வைப்பது எம் கடமை. பாடியவர் பெயரையும் ஊரையும் மறவாது உடன் எழுதி வைத்தல் வேண்டும். பெயரில்லாமற் போன பாட்டுக்கள் போதும்.

பெருங்கவி பேர்ண்ஸ் 37 வயதிலே மறைந்தார். பட்டுக்கோட்டையார் 29 வயதிலே மறைந்தார். இருவரும் வாழ்ந்த காலம் சிறிது. இருவரும் ஊர்வாயிற் கிடந்த பாட்டை எடுத்து உலகவாயில் வைத்தவர்கள். கல்யாணசுந்தரனார் பிறந்து நூறாண்டு நிறையும் 2030ஆம் ஆண்டு தொலைவில் இல்லை. அதற்கு முன்னர் எம் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பாட்டொன்றையேனும் தேடி எழுதிச் சேர்ப்பாராயின், அதுவே அக்கவிஞருக்கு நாம் செய்யத்தக்க சிறந்த அஞ்சலியாகும். பாட்டாளி மக்களின் பாட்டு வாழ்க! மக்கள் கவிஞரின் புகழ் வளர்க!